கடற்கரைச் சாலையில் கணப்பு வைத்த வீடு

கல்யாணமாகி நான் தூத்துக்குடிக்குப் போனது எழுபதுகளின் தொடக்கத்தில். என் கணவர் அங்கே ஒரு வங்கிக் கிளையின் மேலாளர். ஊரில் யாரும் அவரை மேலாளர் என்று சொல்லவில்லை. வெள்ளைக்காரர் காலத்துப் பழக்கத்தில் ‘ஏஜெண்ட்’ என்றே சொன்னார்கள். அதனால் நான் ஏஜெண்டம்மா. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவர் என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர்.

ரயிலடியிலிருந்து குதிரை வண்டியில் கடற்கரைச் சாலைக்கு வந்து இறங்கியபோது, கோர்ட்டு வாசலில் இறக்கிவிட்டார்களோ என்று நினைத்தேன்.

“வீடு எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“கீழ பேங்க். வீடு இதுக்கு மேலதான்” என்றார்.

என் அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவர். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. புகுந்த வீட்டு வாசலில் நிற்கும் புதுப்பெண் என்ன செய்வாளோ தெரியாது, நான் நின்று கட்டடத்தைத்தான் பார்த்தேன். தெருவைப் பார்த்து நான்கு தூண்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஆட்டுக்கடாக் கொம்பு போல இரண்டு பக்கமும் சுருண்ட வேலைப்பாடு. தூண்களின் மேல் அகலமான முக்கோண முகப்பு. முகப்பின் நடுவில் ஒற்றை வட்டச் சன்னல், கடலைப் பார்த்து. அதற்குப் பின்னால் செங்குத்தாகச் சரிந்த சிலேட்டுக் கல் கூரை. கூரைக்கு மேலே புகைபோக்கிகள். சுவர் முழுக்கப் பெரிய பெரிய கருங்கற்களை அடுக்கியது போல இருந்தது. கிட்டே போய்த் தொட்டேன். கருங்கல் இல்லை. கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல்லின் மேல் சிப்பிச் சுண்ணாம்பு பூசி, ஈரம் காயுமுன் கரணையால் கோடு கீறியிருந்தார்கள்.

வாசல் நிலைக்கு மேலே ஒரு பூவைச் செதுக்கியிருந்தார்கள். எங்கள் பக்கம் தரிசில் முளைக்கும் பிரம்மதண்டு போல முள்ளும் இதழுமாக இருந்தது.

“அது ஸ்காட்லாந்துக்காரங்க பூ” என்றார் அவர். “கட்டினது அவங்கதான். அங்கேயே உக்காந்து பிளான் போட்டு, கப்பல்ல அனுப்பிட்டாங்களாம். போட்டவன் இந்த ஊரைப் பாத்ததே இல்லையாம்.”

அன்று அவர் தொடர்ச்சியாகப் பேசியது அவ்வளவுதான்.

பிளான் போட்டவன் இந்த ஊரைப் பார்க்கவில்லை என்பது மாடிக்குப் போனதும் தெரிந்தது. பனி வழுக்கி விழ வேண்டும் என்று கூரையை அப்படிச் சரித்திருந்தான். உட்காரும் அறைக்கு நல்ல வெயில் வர வேண்டும் என்று தெற்கே உயரமான சன்னல்களாக வைத்திருந்தான். குளிர்நாட்டில் அது சௌகரியமாக இருந்திருக்கும். தூத்துக்குடியில் பங்குனி பிறந்தால் அந்த அறைக்குள் கால் வைக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு அறையிலும் குளிர்காயச் சுவருக்குள் ஒரு கணப்பு. கறுப்புச் சலவைக்கல் விளிம்பும் வார்ப்பிரும்புத் தட்டியும் வைத்த அசல் கணப்பு. என்றைக்காவது அதில் தீ மூட்டினார்களா தெரியவில்லை. நான் பெரிய அறையின் கணப்புக்குள் வெங்காயக் கூடையை வைத்தேன். காற்றோட்டமாக இருந்தது.

அந்த வீட்டில் இருந்த அறைகளுக்கு எங்கள் இரண்டு பேரிடமும் சாமான் இல்லை. ஒரு கட்டிலும் ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் எந்த அறையில் கிடந்தாலும் யாரோ காலி செய்துவிட்டுப் போகும்போது மறந்தது போலவே தெரிந்தன. விதானம் அவ்வளவு உயரம். ஒருமுறை தும்மினால் மூன்று அறை தள்ளிப் போய் ஒலித்தது.

கீழே போக அழகான மாடிப்படி இருந்தது. தேக்கில் அகலமாக ஆரம்பித்து, நடுவில் இரண்டாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்து, நேராக வங்கிக் கூடத்தின் மத்தியில் இறங்கும். பார்ப்பவர்கள் வியக்க வேண்டும் என்றே கட்டியது. அதனால்தான் எனக்கு அது பயன்படவில்லை. வங்கி நேரத்தில் ஏஜெண்டின் பெண்டாட்டி கையில் பையோடு அந்தப் படியில் இறங்கி, வாடிக்கையாளர்களுக்கு நடுவே நடந்து போவது முறையில்லை என்று அவர் முதல் வாரமே சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. கூச்சத்தோடு சொன்னார். பின்கட்டில் பெருக்குகிறவர்களுக்கென்று ஒரு சுழல் ஏணி இருந்தது. கிளாஸ்கோ என்று எழுத்து வார்த்த இரும்பு. உப்புக்காற்றில் துருவேறி, பிடித்தால் கை சிவக்கும். நான் அதில் இறங்கப் பழகினேன். ஆனால் இறங்கி எங்கே போவது? எனக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது.

மாடித் தரை பலகை. நடந்தால் கீழே கேட்கும். அதனால் மெதுவாக நடக்கவும் பழகினேன். மத்தியானம் அவர் மேலே வந்து சாப்பிடுவார். “நல்லாருக்கு” என்பார். “சாயங்காலம் ஏதாவது வாங்கணுமா” என்பார். பிறகு கை கழுவிக்கொண்டு இறங்கிவிடுவார். சாயங்காலம் வங்கி சாத்திய பிறகு அந்தக் கட்டடத்தில் நாங்கள் இரண்டு பேரும் வாசல் காவலரும் மட்டும். அவர் பேப்பர் படிப்பார். அலை சத்தம் கேட்கும். நல்ல மனிதர் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நல்ல மனிதரோடு ஒருத்தி இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

ஒரு நாள் காலை வெங்காயம் எடுக்கக் கணப்புக்குள் குனிந்தபோது யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. தலையை இன்னும் உள்ளே நீட்டினேன். என் கணவரின் சிரிப்பு.

பெரிய அறைக்கு நேர் கீழேதான் அவருடைய அறை. அங்கேயும் ஒரு கணப்பு. இரண்டு புகைக்குழாய்களும் ஒரே சுவருக்குள் அடுத்தடுத்து மேலே போகும். நடுவில் இருந்த ஒற்றைச் செங்கல் தடுப்பு எங்கோ பெயர்ந்திருக்க வேண்டும். கீழே பேசுவது காதோடு காதாகப் பேசுவது போல வந்தது. உப்பளக்காரர் ஒருவர் மழையில் உப்பு கரைந்துபோனதைச் சொல்கிறார். இவர், “அப்ப மழையை நம்ம எஸ்டேட்டுக்குள்ள விடாதீங்கன்னு வருண பகவானுக்கு மனு போட்டுருவமா?” என்கிறார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். என்னோடு அவர் ஒரு வேடிக்கை கூடப் பேசியதில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அரிவாள்மனையைக் கணப்புக்கு முன்னால் போட்டுக்கொண்டு காய் நறுக்கினேன். அவர் குரலில் எத்தனை வகை இருக்கிறது என்று அங்கே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது என்றெல்லாம் விசாரிப்பார். அப்படி விசாரிக்கிறவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. மத்தியானம் அவரே மாடியேறி வந்து “நல்லாருக்கு” என்று சொல்லும்போது வேறு யாரோ வந்த மாதிரி இருக்கும்.

ஐப்பசி கடைசியில் புயல் ஒன்று வந்தது. காற்று இரண்டு நாள் சிலேட்டுக் கற்களைப் பிய்த்துப் போட்டது. அது அடங்கிச் சில நாட்களில், புகைக்குழாய் வழியாக ஒரு பெண் குரல் கேட்டது. அந்த அறையிலிருந்து பெண் குரல் கேட்பது அபூர்வம்.

“சார், எங்க வீட்டுக்காரவிய தோணியில தண்டலா இருக்காவ. கொழும்புக்கு வெங்காயம் ஏத்திட்டுப் போனாவ. கூடப் போன தோணியெல்லாம் கரைக்கு வந்துட்டு. இவிய தோணியைக் காங்கலை.”

தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவர். அந்தக் காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய்விரித்த தோணிகள்தான் சரக்கு ஏற்றிப் போகும்.

“நான் என்னம்மா செய்யணும்?” என்றார் இவர்.

“உங்க உச்சியில ஒரு வட்டச் சன்னல் இருக்குல்லா சார், அதுல நின்னு ஒரு தடவை பாத்துக்கிடுதேன். மாதா கோயில் கோபுரத்துல பொம்பளையள ஏற விட மாட்டேங்காவ. கரையில நின்னா கிட்டத்துல உள்ளதுதான் தெரியுது.”

பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“வங்கிக் கட்டடம்மா. வெளியாளை மேல விடக் கூடாது. துறைமுக ஆபீஸ்ல சொல்லி விசாரிக்கச் சொல்றேன்” என்றார். குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் விடவில்லை.

நாற்காலி நகரும் சத்தம். நான் அரிவாள்மனையை மடக்கிவிட்டு எழுந்தேன். சுழல் ஏணியில் செருப்பில்லாமல் இறங்கி, பின்வாசல் வழியாக ஓடி, சந்து வழியாகச் சுற்றிக் கடற்கரைச் சாலைக்கு வந்தேன். நீலச் சேலை கட்டிய ஒருத்தி தலையில் முக்காட்டோடு போய்க்கொண்டிருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருக்கலாம்.

“அக்கா” என்று கூப்பிட்டேன். “நீங்க ஏஜெண்டைப் பாக்க வந்தவங்கதானே? மேல வாங்க. பின்பக்கம் வழி இருக்கு.”

“நீங்க யாரு?”

“மேல குடியிருக்கேன்.”

அவள் என் வெறுங்காலைப் பார்த்தாள். வேறு கேள்வி கேட்காமல் கூட வந்தாள்.

வட்டச் சன்னல் இருந்தது முக்கோண முகப்புக்குப் பின்னால் உள்ள பரணில். நானே அதற்குமுன் ஒரு தடவைதான் ஏறியிருந்தேன். குறுகலான மரப்படி. மேலே நிமிர்ந்து நிற்க நடுவில் மட்டும் இடம் உண்டு. இரு பக்கமும் கூரை காலடிக்குச் சரிந்து வரும். கண்ணாடியில் உப்பு படிந்து பால் போல இருந்தது. முந்தானையால் துடைத்தோம். அவள் முகத்தை அதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் முயல்தீவும் அதற்கு வெளியே கடல் வெகுதூரமும் தெரியும்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “ஒண்ணுங்கிடையாது” என்றாள்.

“நாளைக்கும் வாங்க.”

“சார் ஏசுவாவளே?”

“அவருக்குத் தெரியாது.”

மறுநாள் பிற்பகல் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். பரணில் ஒரு பழைய பாயை விரித்தோம். கடலில் ஒரு தோணியின் பாய் தெரிந்தால் அவள் எழுந்து முட்டி போடுவாள். தோணி இன்னும் புள்ளியாக இருக்கும்போதே பாயின் கோணத்தைப் பார்த்து யாருடையது என்று சொல்லிவிடுவாள். “இது பெரியகடைத் தெரு அண்ணாச்சி தோணி” என்பாள். மறுபடி உட்காருவாள். செபமாலை உருட்டுவாள். அது முடிந்தால் பேசுவோம். அவளுடைய அப்பா முத்துக்குளிக்கப் போனவராம். முத்துக்குளிப்பு நின்று வருஷக்கணக்காகிவிட்டது, அவர் கடைசியில் காது கேட்காமலே இருந்து இறந்தார் என்றாள். வீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். மாமியார் கறுப்புச் சேலையை எடுத்து வெயிலில் போட்டுவிட்டாளாம்.

“வெயில்ல போட்டா என்ன அர்த்தம்?”

“என்ன அர்த்தம்? தாலியறுத்தவளா உடுக்கத் தயாரா இருன்னு அர்த்தம்.” அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. “நான் அதைத் திரும்ப மடிச்சுப் பெட்டியில வச்சிட்டுதான் இங்கன வந்தேன்.”

ஒருநாள் அவித்த பனங்கிழங்கு கொண்டு வந்தாள். நார் உரித்துத் தின்றுகொண்டே கேட்டாள், “ஏளா, இம்புட்டுப் பெரிய கெட்டடத்துல ஒத்தையில எப்படி இருக்க?”

அவள் ‘ஏஜெண்டம்மா’வை விட்டு, தங்கையைக் கூப்பிடுவது போல ‘ஏளா’வுக்கு வந்தது அன்றுதான். எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. கிழங்கு தொண்டையில் சிக்கியது போல இருமினேன். அவள் முதுகில் தட்டினாள். அந்த ஊரில் ஒருவர் என்னைத் தொட்டுப் பேசியது அதுதான் முதல். அவள் அப்படிப்பட்ட துயரத்தில் இருந்தாள். நானோ அவள் வரும் நேரத்துக்காகக் காலையிலிருந்து காத்திருந்தேன். அவளுடைய தோணி வர வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன், மனதாரத்தான். ஆனாலும் அந்த நாட்கள் எனக்குச் சந்தோஷமான நாட்கள். இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பலகைத் தரை எங்களைக் காட்டிக்கொடுத்தது. ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே அவர், “தினம் யார் வர்றாங்க? ரெண்டு பேர் நடக்கிற மாதிரி இருக்கு” என்றார்.

சொன்னேன். அவர் சோறு பிசைவதை நிறுத்தினார்.

“அந்தம்மா எங்கிட்ட கேட்டது உனக்கு எப்படித் தெரியும்?”

கணப்பைக் காட்டினேன். “இது வழியா கேக்குது.”

“எல்லாமா?”

“எல்லாம்.”

அவருடைய காது மடல் சிவந்தது. வெங்காயக் கூடையைப் பார்த்தார். அதற்குப் பின்னாலிருந்த இருட்டைப் பார்த்தார். மோர் கேட்டார். ஊற்றினேன்.

மறுநாள் சாப்பிட வரும்போது கையில் துணி சுற்றிய ஒரு பொருள் இருந்தது. பித்தளைத் தொலைநோக்கி. பழைய ஏஜெண்டுகள் கப்பல் பார்க்க வைத்திருந்ததாம், கீழே ஏதோ அலமாரியின் அடித்தட்டில் கிடந்ததாம். “அந்தம்மாவுக்குக் குடு. நான் தொடைச்சுப் பாத்தேன், சரியா வரல” என்றார். உண்மையில் அதற்குள் பூசணம் பிடித்து, எதைப் பார்த்தாலும் பஞ்சு போலத் தெரிந்தது. அவள் ஒரு தடவை கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, “சாருக்கு நல்ல மனசு” என்று சொல்லி ஓரமாக வைத்தாள். வெறும் கண்ணால் பார்ப்பதே நன்றாகத் தெரிந்தது.

மார்கழியில் ஒரு பிற்பகல். கடல் வெள்ளித்தகடு போலச் சும்மா கிடந்தது. நாங்கள் வழக்கம்போலச் சன்னலில் இருந்தோம். தேக்குப் படியில் யாரோ தடதடவென்று ஓடி வரும் சத்தம் கேட்டது. அப்புறம் மரப்படியில். என் கணவரின் தலை பரணுக்குள் தெரிந்தது. மூச்சு வாங்கியது.

“அம்மா, வந்துட்டார்” என்றார். “உங்க வீட்டுக்காரர். கீழ நிக்கிறார்.”

அவள் கடலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒரு பாயும் இல்லை.

“தோணியைக் காங்கலையே சார்?”

“பஸ்ல வந்திருக்கார்மா. நாகர்கோவில் போய், திருநெல்வேலி போய், பஸ்ல வந்திருக்கார்.”

பாய்மரம் முறிந்து, காற்று தோணியைக் கன்னியாகுமரியைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போய், வாரக்கணக்கில் நடுக்கடலில் அலைக்கழித்து, கடைசியில் குளச்சல் பக்கம் பாறையில் அடித்திருக்கிறது. தோணி போயிற்று. ஆட்கள் அத்தனை பேரும் குற்றுயிராகப் பிழைத்தார்கள். இவர் காய்ச்சலில் நாள்கணக்காக அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்து, எழுந்ததும் தந்தி கொடுத்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். தந்தி அவர் வந்ததற்கு அடுத்த நாள்தான் வந்து சேர்ந்தது. நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் எங்களுக்கு முதுகுப்பக்கமாகத் தெருவில் நடந்து வந்திருக்கிறார். மாமியார்தான் அவள் இருக்குமிடத்தைச் சொல்லி அனுப்பினாளாம்.

அவளுக்குச் சுழல் ஏணி ஞாபகமே வரவில்லை. பெரிய படியை நோக்கி ஓடினாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஒதுங்கி வழிவிட்டார். வாடிக்கையாளர்களும் குமாஸ்தாக்களும் நிமிர்ந்து பார்க்க, அவிழ்ந்த முந்தானையோடு அவள் அந்தப் படியில் இறங்கினாள். கூடத்தின் நடுவில் தாடி வளர்ந்து, யாரோ கொடுத்த தொளதொள சட்டையில் ஒருவர் நின்றார். கிட்டே போனதும் அவள் நின்றுவிட்டாள்.

“இப்படியா மெலிஞ்சு போவாவ?” என்றாள். கோபமாகக் கேட்டது போலத்தான் இருந்தது. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்தப் படியைக் கட்டியதற்கு அந்த ஒரு நாள்தான் சரியான உபயோகம் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு அவள் ஒரு தடவை வந்தாள். மாதாவுக்கு நன்றிப்பூசை வைத்திருக்கிறோம், வரணும் என்று கூப்பிட்டாள். போனேன். கூட்டத்தில் என் கையைப் பிடித்து முன்னால் உட்கார வைத்தாள். அப்புறம் அவள் கணவர் இனிக் கடலுக்குப் போவதில்லை என்று புதுத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். குடும்பம் அந்தப் பக்கம் குடிபோயிற்று. ஒருமுறை கடைத்தெருவில் பார்த்தேன். “வீட்டுக்கு வாளா” என்றாள், பிரியமாகத்தான். பிள்ளை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. போய்விட்டாள்.

பிற்பகலில் பரணுக்கு ஏறிப் பார்த்தேன். பாய் விரித்தபடி இருந்தது. கடலில் தோணிகள் வருவதும் போவதுமாக இருந்தன. அவற்றில் எதற்கும் நான் எழுந்து முட்டி போட வேண்டிய அவசியம் இல்லை. சீக்கிரமே இறங்கிவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. நான் கேட்கிறேன் என்று தெரிந்த பிறகு அவர் கீழே குரலைத் தாழ்த்திக்கொண்டார். சிரிப்பு நின்றுவிட்டது. வேண்டுமென்று செய்திருக்க மாட்டார், கூச்சம்தான். கணப்பு முன்னால் காய் நறுக்கினால் வெறும் முணுமுணுப்பு வந்தது. ஒரு நாள் அரிவாள்மனையைச் சமையலறைக்கே கொண்டு போய்விட்டேன். முன்பு எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பேச்சும் இப்போது இல்லை. அந்தத் தை மாசமும் மாசியும் நான் இருந்த மாதிரி அதற்கு முன்போ பின்போ இருந்ததில்லை. பகலில் படுத்துத் தூங்கினேன். தலை வாரவில்லை.

பங்குனியில் ஒரு சாயங்காலம், வங்கி சாத்திய பிறகு, அவர் மேலே வராமல் இருந்தார். தேடிக்கொண்டு பெரிய படியில் இறங்கினேன். வாசல் கதவு திறந்திருந்தது. அவர் வெளியே தூண்களுக்கு நடுவே, தெருவைப் பார்த்த வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஏஜெண்ட் படியில் உட்கார்வதை அந்த ஊர் பார்த்திருக்காது. நான் பக்கத்தில் நின்றேன்.

“மேல வெக்கையா இருக்கும்னு…” என்றார். பிறகு, “உக்காரேன்” என்றார்.

உட்கார்ந்தேன். கல் சுட்டது.

“நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் இந்த வீட்ல தனியா இருந்தேன்” என்றார் தெருவைப் பார்த்துக்கொண்டே. “மேல படுக்கவே மாட்டேன். என் ரூம்ல சோபாவுல படுத்துப்பேன். யாருகிட்டயும் சொல்லல. அவ்வளவு பெரிய எடத்துல என் சத்தமே எனக்குப் பிடிக்கல. நீ வந்ததும் சரியாயிடும்னு நெனச்சேன். உன்னைக் கொண்டு வந்து அதுக்குள்ள விட்டுட்டு நான் கீழ வந்துட்டேன்.”

“வருண பகவானுக்கு மனு போட்டது நல்லாருந்துது” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். புகைக்குழாய் வழியாக இல்லாமல் அந்தச் சிரிப்பை அன்றுதான் முகத்தோடு பார்த்தேன். சைக்கிளில் போன கடைக்காரர் ஒருவர் காலை ஊன்றி நின்று, “என்ன ஏஜெண்ட் சார், குடும்பத்தோட காத்து வாங்குதியளா?” என்று கேட்டார். “ஆமா அண்ணாச்சி” என்றார் இவர்.

அதன் பிறகு சில சாயங்காலங்கள் அங்கே உட்கார்ந்தோம். எல்லாச் சாயங்காலமும் அல்ல. பேசிய நாளும் உண்டு, பேசாமல் எழுந்து போன நாளும் உண்டு. அடுத்த வருஷம் மதுரைக்கு மாற்றலாயிற்று. அங்கே ஓட்டு வீட்டில் ஒரு பகுதி கிடைத்தது. ஒரு கூடம், ஒரு சமையலறை. அவர் பேப்பர் புரட்டினால் எனக்குக் கேட்கும், நான் வளையல் கழற்றினால் அவருக்குக் கேட்கும். குடிபோன அன்று அவர் அந்தத் தாழ்வான விதானத்தைக் கையை உயர்த்தித் தொட்டுப் பார்த்தார். “எட்டுது” என்றார்.